அயல்நாட்டு அடுப்பு: செர்பியாவின் கராஜோர்ஜே ஷ்னிட்சல்



இந்த இதழில் பன்றி இறைச்சிப் பலகாரம் ஒன்று. சாப்பிடாத சகோதரிகள் கோழியின் நெஞ்சுக்கறியில் இதையே செய்யலாம்.

பெயரைக் கேட்டால் பழங்காலத்துப் பண்டம் என்று தோன்றும். 1804-ல் துருக்கியரை எதிர்த்துக் கிளம்பிய செர்பியத் தலைவர்தான் கராஜோர்ஜே. ஆனால் பண்டம் பிறந்தது 1950-களில்! பெல்கிரேடு நகரச் சமையற்காரர் மிச்சா ஸ்டொயானோவிச், ரஷ்ய விருந்தாளிக்குக் கீவ் சிக்கன் செய்ய நினைத்தார். நல்ல கோழி கிடைக்கவில்லை. கன்றுக்கறியில் பாலாடையை வைத்துச் சுருட்டிப் பொரித்துவிட்டார். எலுமிச்சை வில்லையும் சாஸும் வைத்து அலங்கரித்ததும் கராஜோர்ஜேயின் பதக்கம் மாதிரி இருந்ததால் இந்தப் பெயர் என்பார்கள். இப்போது பன்றிக்கறியிலும் செய்கிறார்கள்.

தேவையான பொருட்கள் (4 பேருக்கு): எலும்பில்லாத முதுகுக்கறி 4 துண்டு (ஒவ்வொன்றும் 150 கிராம்), கெட்டிப் பாலாடை 8 மேஜைக் கரண்டி, முட்டை 2, மைதா அரை கப், ரொட்டித்தூள் ஒன்றரை கப், உப்பு, மிளகுத்தூள், பொரிக்க எண்ணெய்.

செர்பியாவில் உள்ளே வைப்பது 'காய்மாக்'. காய்ச்சி ஆறவிட்ட பாலின் ஆடையை எடுத்து, உப்புப் போட்டு அடுக்கடுக்காகச் சேர்த்து வைப்பது. நம் வீட்டுப் பாலாடையை மெல்லிய துணியில் வடிகட்டி, உப்புச் சேர்த்தால் போதும். நீர் இருந்தால் எண்ணெயில் வெடிக்கும், ஜாக்கிரதை!

கறியைக் குழவியால் தட்டி அரை சென்டிமீட்டர் கனத்துக்கு அகலமாக்குங்கள். உப்பு, மிளகு தூவி, ஓரத்தில் இரண்டு விரல் இடம் விட்டுப் பாலாடையை வையுங்கள். பக்கங்களை உள்ளே மடித்து இறுக்கமாகச் சுருட்டுங்கள். மைதா, அடித்த முட்டை, ரொட்டித்தூள் என்ற வரிசையில் புரட்டுங்கள். முனைகளுக்கு மட்டும் முட்டையும் தூளும் இரண்டாந் தடவை. அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் பிரியாது.

இனிமேல்தான் முக்கியம். முதல் தடவை நான் செய்தபோது, குழந்தைகளுக்குப் பசி என்று அடுப்பைப் பெரிசா எரியவிட்டேன். நாலே நிமிஷத்தில் அழகான பொன்னிறம்! தட்டில் வைத்து நறுக்கினால் நடுவில் ரோஜா நிறத்தில் பச்சைக் கறி. நல்லவேளை, குழந்தை வாயில் வைப்பதற்குள் பார்த்துவிட்டேன். அரைவேக்காட்டுப் பன்றிக்கறியால் நாடாப்புழுவும், தசைக்குள் போய்த் தங்கும் ட்ரிக்கினெல்லா புழுவும் உடம்பில் சேரலாம்.

ஆகவே நிறத்தை நம்பாதீங்க. ரொட்டித்தூள் ஒரு சிட்டிகை போட்டால் மெதுவாகக் குமிழி விட வேண்டும். கருகினால் சூடு அதிகம். மிதமான தீயில், திருப்பித் திருப்பி, 10 முதல் 12 நிமிஷம் பொரியுங்கள். எடுத்து 3 நிமிஷம் ஆறவிட்டு, கனமான ஒன்றை நடுவில் வெட்டிப் பாருங்கள். கறி வெளுத்து, சாறு தெளிவாக இருந்தால் சரி. இல்லாவிட்டால் எல்லாவற்றையும் மறுபடி சிறுதீயில் வையுங்கள். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால், நடுவில் 74 டிகிரி சென்டிகிரேடு காட்ட வேண்டும்.

பச்சைக் கறி பட்ட பலகையையும் கத்தியையும் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாலட் நறுக்க வேண்டாம்.

வறுத்த உருளைக்கிழங்கு, டார்ட்டர் சாஸ், எலுமிச்சையோடு பரிமாறுங்கள். கொழுப்பு அதிகம்; ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு மட்டும் வைத்துக்கொள்வோமே!