பரனூர்ச் சாவடியில்

விருத்தாசலத்தில் ரயிலேறினால் விழுப்புரம் வெகு தூரமில்லை. அவ்வூர்த் தலைமை மாஜிஸ்திரேட் கோர்ட்டில் 2023-ஆம் வருஷம் ஜூன் 16-ந் தேதி தண்டனை பெற்றவர் திருடனல்லர். தமிழ்நாட்டின் சட்டம் ஒழுங்கைப் பரிபாலித்து வந்த ஸ்பெஷல் டி.ஜி.பி. ராஜேஷ் தாஸ்!

2021 பிப்ரவரியில், முதன்மந்திரியின் சுற்றுப்பிரயாணத்திற்குப் பந்தோபஸ்து செய்யப் போனபோது, தமக்குக் கீழ்ப்பட்ட பெண் சூப்பரின்டெண்டு ஒருவரிடம் காரில் தகாதபடி நடந்துகொண்டார் என்பது வழக்கு. மூன்று வருஷச் சிறை, 20,500 ரூபாய் அபராதம். 2024 பிப்ரவரியில் அப்பீல் கோர்ட்டும் அதை ஊர்ஜிதம் செய்தது. மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு, சரணடைவதிலிருந்து அவருக்கு இடைக்கால விலக்கு அளித்தது.

இவற்றைவிட என் மனத்தை உறுத்துவது வேறொன்று. புகார் கொடுக்கச் சென்னைக்குப் புறப்பட்ட அந்த அம்மணியின் காரைச் செங்கற்பட்டை அடுத்த பரனூர்ச் சுங்கச் சாவடியில் போலீஸாரே வழிமறித்தனர். அதற்காக, அப்போது அந்த ஜில்லாவின் சூப்பரின்டெண்டாயிருந்தவருக்கு விதிக்கப்பட்ட அபராதம் 500 ரூபாய். ஐந்நூறுதான்! அம்மணியோ சளைக்கவில்லை, சென்னை சென்று புகார் கொடுத்தே தீர்ந்தார்.

பத்திரிகையில் இதைப் படித்துவிட்டு எங்கள் வீட்டில் கேட்டார்கள்: "காக்கியுடுப்பும் சர்க்கார் காருமாகப் போனவரையே மறித்தார்களே, பஸ்ஸில் போகிறவள் சென்னை போய்ச் சேருவாளா?"

நான் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்திற்குக் கிளம்பினேன்.