தங்க எழுத்துப் பலகையில் கேடி பெயர் ஏன் இல்லை?

கோல்ஃப் பற்றி எழுதப் போறேன் என்றதும் ஹாஸ்டலில் ஒரே சிரிப்பு. "சிலமலைக்காரனுக்கும் கோல்ஃபுக்கும் என்னடா சம்பந்தம்? உங்க ஊர்ல கம்பெடுத்தா ஆடு மேய்க்கத்தானே?" என்றான் பக்கத்து ரூம் மாப்ள.

சம்பந்தம் இருக்கு மக்களே. எங்க ஊரில் விடிகாலையில் ஜீப் ஏறுகிறவர்கள் போடி, முந்தல், 17 கொண்டை ஊசி வளைவு எல்லாம் தாண்டி போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறார்கள். அதே ரோட்டில் பூப்பாறை, தேவிகுளம் என்று இன்னும் கொஞ்சம் போனால் மூணாறு. அங்கே தேயிலைத் துரைமார் தங்களுக்காகக் கட்டிக்கொண்ட ஹைரேஞ்ச் கிளப் இருக்கிறது. 9 குழி கோல்ஃப் மைதானம். இந்தப் பக்கம் கொடைக்கானல் கோல்ஃப் கிளப், 1895-ல் ஆரம்பித்தது, 18 குழி. ஆக, எங்களுக்கு மேலே இரண்டு பக்கமும் கோல்ஃப்தான். நாங்கள்தான் அண்ணாந்து பார்த்ததில்லை.

எங்க வீட்டில் ஒருத்தர் பார்த்திருக்கிறார். எங்க சித்தப்பா. ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறுவதற்கு முன்னால் சில வருஷம் மலைமேல் ஒரு கிளப்பில் கேடியாக இருந்தார். எந்தக் கிளப் என்பது வேண்டாம். கேடி என்றால் போலீஸ் தேடுகிற கேடி இல்லை :-) ஆடுகிறவரின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடவே நடப்பவர். பந்து எங்கே விழுந்தது என்று பார்க்க வேண்டும், எந்த மட்டையை எடுக்கலாம் என்று சொல்ல வேண்டும், குழி பக்கத்தில் புல் எந்தப் பக்கம் சரிகிறது என்று கணித்துச் சொல்ல வேண்டும்.

சித்தப்பா சொன்ன கதை இது. கிளப்பில் வருஷக் கோப்பைப் போட்டி. கடைசிக் குழி. இவர் பை தூக்கிய சாருக்கு ஆறேழு அடி தூரத்தில் பந்து. நேராக அடிக்கப் போனார். "சார், ரெண்டு விரக்கடை இடது பக்கமா விடுங்க, இங்க தண்ணி ஓடை பக்கமா வடியும்" என்றார் சித்தப்பா. பந்து போய்க் குழியில் விழுந்தது. சாருக்குக் கோப்பை. கிளப் சுவரில் இருக்கிற மரப்பலகையில் தங்க எழுத்தில் பெயர். சித்தப்பாவுக்கு வழக்கமான கூலிக்கு மேலே கொஞ்சம் டிப்ஸ். அன்றைக்கு அந்த சார் அடித்தது 88. அவருடைய ஹேண்டிகேப் 16. கழித்தால் 72. அதனால் ஜெயித்தார்.

மறுநாள் திங்கட்கிழமை. பல கிளப்புகளில் திங்கட்கிழமை மைதானத்துக்கு லீவு, கேடிகள் ஆடிக்கொள்ளலாம். இரவல் மட்டை நாலே நாலை வைத்துக்கொண்டு சித்தப்பா அதே மைதானத்தில் 78 அடித்தாராம்.

"உங்க ஹேண்டிகேப் எவ்வளவு சித்தப்பா?" என்று கேட்டேன்.

"நமக்கு ஏதுப்பா அதெல்லாம். மெம்பருக்குத்தான் நம்பர் போடுவாங்க. நம்பர் போட்டா கூலி ஏறவா போகுது?" என்று சிரித்தார்.

சித்தப்பாவுக்குச் சிரிப்பு வந்தது, எனக்கு வரவில்லை. இந்தப் பதிவே அதனால்தான்.

ஹேண்டிகேப் என்கிற அழகான ஐடியா

கோல்ஃப் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். மற்ற விளையாட்டுகளில் வல்லவனும் கத்துக்குட்டியும் மோதினால் கத்துக்குட்டி காலி. கோல்ஃபில் அப்படி இல்லை. ஒருவர் வழக்கமாக எப்படி ஆடுகிறார் என்று கணக்குப் போட்டு ஒரு எண் கொடுப்பார்கள். அதுதான் ஹேண்டிகேப். அடித்த எண்ணிக்கையிலிருந்து அதைக் கழித்து வருவதுதான் போட்டிக்கான கணக்கு. சூரப்புலிக்கு 2, சுமாரானவருக்கு 20. இரண்டு பேரும் ஒரே போட்டியில் சரிசமமாக மோதலாம். 2020-லிருந்து உலக ஹேண்டிகேப் முறை என்று ஒரே கணக்கே வந்துவிட்டது.

சமமில்லாத ஆட்களைச் சமமாக நிறுத்துவதற்கென்றே கணிதம் கண்டுபிடித்த விளையாட்டு இது. எனக்கு இதில் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அந்த எண் வேண்டுமென்றால் ஒரு கிளப்பில் உறுப்பினராக இருக்க வேண்டும். எண் இல்லையென்றால் போட்டி இல்லை. போட்டி இல்லையென்றால் பலகை இல்லை. சமத்துவம் எல்லாம் கேட்டுக்கு உள்ளே வந்த பிறகுதான். கேட்டில் நிற்கிறவருக்கு எந்தக் கழித்தலும் கிடையாது.

அமெச்சூர் என்றால் யார்?

அமெச்சூர் என்றால் காசுக்காக இல்லாமல் ஆசைக்காக ஆடுபவர் என்று நினைக்கிறோம். வரலாறு அவ்வளவு சாதுவானது இல்லை. இங்கிலாந்தில் ஹென்லி படகுப் போட்டிக்கு 1879-ல் எழுதிய விதியில், கூலிக்கு உடலுழைப்பு செய்கிறவன் அமெச்சூர் ஆக முடியாது என்றே போட்டு வைத்தார்கள். படகு ஓட்டிச் சம்பாதித்தால் மட்டும் இல்லை, பட்டறையில் உழைத்தாலும் தகுதி போச்சு!

கோல்ஃபுக்கு வருவோம். அமெரிக்காவில் ஒரு காலத்தில் 16 வயதுக்கு மேல் கேடி வேலை பார்த்தால் அமெச்சூர் தகுதி போய்விடும். பிரான்சிஸ் விமெட் என்ற பையன், ஏழை வீடு, வீட்டுக்கு எதிரே கோல்ஃப் மைதானம். அங்கேயே கேடி வேலை. அந்த வயது வந்ததும் விதிக்குப் பயந்து வேலையை விட்டான். 1913-ல், 20 வயதில், ஹாரி வார்டன், டெட் ரே என்ற இரண்டு ஆங்கிலேய ஜாம்பவான்களைத் தோற்கடித்து அமெரிக்க ஓப்பன் ஜெயித்தான். அதே மைதானத்தில்! அவனுக்குப் பை தூக்கியது 10 வயதுப் பொடியன் எடி லவரி.

அந்தக் கேடி விதியெல்லாம் இப்போது போய்விட்டது. 2022 ஜனவரியில் வந்த புது அமெச்சூர் விதிகளின்படி, ஒரு வரம்புக்கு மேல் பரிசு வாங்குவது, தொழில்முறை ஆட்டக்காரராகப் போட்டியில் இறங்குவது, சம்பளத்துக்குக் கோல்ஃப் கற்றுக்கொடுப்பது மாதிரி சில விஷயங்கள்தான் தகுதியைப் பறிக்கும். பை தூக்குவது அதில் கிடையாது. புத்தகத்தின்படி எங்க சித்தப்பா சுத்தமான அமெச்சூர். கிளப் படிவத்தின்படி அவர் யாருமே இல்லை.

"அவங்களுக்கு என்ன தெரியும்?"

நம்ம நாட்டில் கோல்ஃப் நேற்று வந்ததில்லை. கல்கத்தாவில் 1829-ல் கிளப் தொடங்கிவிட்டார்கள். பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே அதைவிடப் பழைய கிளப் இல்லை. இந்திய ஓப்பன் 1964-ல் ஆரம்பம். அடுத்த வருஷமே பில்லூ சேத்தி என்ற இந்தியர், அமெச்சூராகவே அதை ஜெயித்தார். பெரிய சாதனை, மறுக்கவில்லை. அதற்கப்புறம்? 1991 வரை ஒரு இந்தியரும் ஜெயிக்கவில்லை. 1991-ல் ஜெயித்தவர் அலி ஷேர். யார் இவர்? டெல்லி கோல்ஃப் கிளப்பில் பை தூக்கியவர். ஜெயித்த இடம்? அதே டெல்லி கோல்ஃப் கிளப். ஒருமுறை குருட்டு அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவோ என்னவோ, 1993-ல் மறுபடியும் ஜெயித்தார். 2009-ல் அதே இந்திய ஓப்பனை ஜெயித்த முனியப்பாவும் பெங்களூரில் கேடியாக இருந்தவர்தான்.

இவர்கள் எல்லாம் ஏன் நேராகத் தொழில்முறைப் பக்கம் போனார்கள்? காசு தேவை, அது உண்மை. இன்னொரு உண்மையும் இருக்கிறது. அமெச்சூர் கதவு இவர்களுக்குத் திறந்தே இல்லை.

இன்னும் கசப்பான கதை வேண்டுமா? தென்னாப்பிரிக்கா, டர்பன். பாப்வா செவ்கோலம், இந்திய வம்சாவளி, கேடி. பள்ளிக்கூடம் போகாதவர், கைகளை மாற்றிப் பிடித்து ஆடுவார். டச்சு ஓப்பனை மூன்று முறை ஜெயித்தவர். 1963-ல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓப்பன் ஜெயித்தபோது, வெள்ளையர் கிளப் கட்டடத்துக்குள் அவரை விடவில்லை. வெளியே மழையில் நின்று கோப்பை வாங்கினார். 1965-ல் கேரி பிளேயரையே தோற்கடித்தார். அப்புறம் வெள்ளையர் போட்டிகளில் ஆடவே விடாமல் செய்துவிட்டார்கள். அங்கே தடுத்தது சட்டம். இங்கே அப்படிச் சட்டம் எதுவும் இல்லை. சந்தா ரசீதே போதுமானதாக இருக்கிறது.

வழக்கமாக வரும் பதில்கள்

இந்த விஷயத்தை யாரிடம் பேசினாலும் நாலு பதில்தான் வருகிறது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

1. "தனியார் கிளப், அவங்க இஷ்டம்." எல்லாக் கிளப்பும் சொந்த மண்ணிலா நிற்கிறது? சென்னை கிண்டியில் ரேஸ் கிளப்புக்கு 160 ஏக்கர், 1945-லிருந்து 99 வருஷக் குத்தகை, வருஷ வாடகை 614 ரூபாய் சொச்சம். அந்த வளாகத்துக்குள்தான் ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம் இருந்தது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து பூட்டுப் போட்டது, விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. தீர்ப்பு எப்படியோ போகட்டும். ஊர் நிலத்தில் ஆடுகிறவர்கள் "எங்க இஷ்டம்" என்று பேசலாமா?

2. "கேடிகளுக்குத் தனியாப் போட்டி வைக்கிறோமே." டீக்கடையில் தனி டம்ளர் வைத்தவர்களும் இதைத்தான் சொன்னார்கள். டீ கொடுக்கவில்லை என்று யாராவது புகார் சொன்னார்களா? டம்ளர்தான் பிரச்சினை. தனிப் போட்டி வேண்டாம் சார், அதே போட்டி வேண்டும்.

3. "அவங்க வந்தா எங்காளு எவனும் ஜெயிக்க முடியாது." அப்பாடா, உண்மை வந்துவிட்டது! அதற்குத்தானே ஹேண்டிகேப்? உங்க சாருக்கு 16 கழியுங்கள், எங்க சித்தப்பாவுக்கு 4 கழியுங்கள். அப்புறம் பார்க்கலாம். சமமாக மோத வைப்பதற்கென்றே வந்த கணக்கு, ஆள் யார் என்று தெரிந்ததும் ஏன் வேலை செய்ய மாட்டேன் என்கிறது?

4. "சோத்துக்கே இல்லாதவனுக்கு கோல்ஃப் எதுக்கு?" இதைச் சொன்னது பணக்காரன் இல்லை, என் கூடப் படிக்கிற தோழர் ஒருத்தர். கூலி உயர்வுதான் முதல் கோரிக்கை, சந்தேகமே இல்லை. 2015 செப்டம்பரில் மூணாறில் பெண் தொழிலாளிகள் ரோட்டை மறித்து உட்கார்ந்தபோது அவர்களுடைய தினக்கூலி 232 ரூபாய். அதை யாரும் மறக்க வேண்டாம். ஆனால் கூலிக்காரனுக்குக் கூலி மட்டும் போதும், விளையாட்டு துரைக்கு என்று நாமே பிரித்துக் கொடுக்க வேண்டுமா?

அதே மூணாறிலேயே வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. ஃபின்லே ஷீல்டு என்று ஒரு கால்பந்துப் போட்டி, பல பத்தாண்டுகளாக நடப்பது. எஸ்டேட்டுக்கு எஸ்டேட் மோதும். லயத்தில் பிறந்த பையன்கள் ஆடுவார்கள், ஜெயித்த எஸ்டேட்டின் பேர் ஊருக்கே தெரியும். கம்பெனி ஒன்றுதான், மலையும் ஒன்றுதான். கால்பந்தில் உடையாத வானம் கோல்ஃபில் மட்டும் உடைந்து விழுந்துவிடுமா?

சரி, என்னதான் வேணும்?

பெரிசா ஒன்றும் கேட்கவில்லை. கிளப்பை மூடச் சொல்லவில்லை, மைதானத்தில் மாடு கட்டச் சொல்லவில்லை.

ஒன்று, கேடிகளுக்கும் புல் வெட்டும் தொழிலாளிகளுக்கும் ஹேண்டிகேப் எண் கொடுங்கள். விளையாடுவதற்கு மட்டுமான உறுப்பினர் என்று ஒரு வகையைச் சேர்த்தால் முடிந்தது. பாரில் உட்கார இடம் கேட்கவில்லை. இரண்டு, வருஷத்தில் ஒரு கோப்பைப் போட்டியையாவது இவர்களுக்கும் திறந்துவிடுங்கள். திங்கட்கிழமை வேண்டாம், எல்லோரும் ஆடுகிற ஞாயிற்றுக்கிழமையே நடத்துங்கள். மூன்று, ஜெயித்தவர் பெயரை அதே பலகையில், அதே தங்க எழுத்தில் எழுதுங்கள். செலவு? ஒரு வரி பெயின்ட்.

கோல்ஃபில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு சம்பவம் இருக்கிறது. 1925 அமெரிக்க ஓப்பன். பாபி ஜோன்ஸ், வாழ்க்கை முழுக்க அமெச்சூராகவே ஆடியவர். அடிக்கப் போகும்போது பந்து லேசாக அசைந்துவிட்டது. வேறு யாரும் பார்க்கவில்லை. தானே போய்ச் சொல்லி, தனக்குத்தானே ஒரு அடி அபராதம் போட்டுக்கொண்டார். கடைசியில் சமநிலை ஆகி, பிளே-ஆஃபில் தோற்றார். அந்த ஒரு அடி இல்லையென்றால் கோப்பை அவருக்குத்தான்.

கிளப்புகளில் இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்வார்கள். சொல்லட்டும். யாரும் பார்க்காத பந்துக்கு அபராதம் போட்டுக்கொள்கிற நேர்மை உங்களிடம் இருக்கிறதே சார், வருஷக்கணக்காகப் பக்கத்திலேயே பையோடு நிற்கிற மனுஷனைப் பார்க்காமல் இருந்ததற்கு எத்தனை அடி போடப் போகிறீர்கள்?

சித்தப்பாவிடம் இந்தப் பதிவைப் போனில் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னார். "எழுவத்தெட்டு இல்லப்பா, எழுவத்தேழு. கடைசிக் குழில ரெண்டே அடிதேன்."

இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் அந்த ஒரு அடி அவருக்கு ஞாபகம் இருக்கிறது. நம்பரால் என்ன வரப்போகுது என்று சிரித்த மனுஷன்!