படி காக்கும் மரபு

பாரம்பரிய நகரில் எதனையும் மாற்றலாகாது. ஆதலின் சக்கர நாற்காலியில் வருவோர் வாயிலோடு நிற்க வேண்டியதுதான் என்று பேசுவோர் பினாங்கில் இன்றும் உளர். பழமைப் பற்றுப்போல் தோன்றும் இக்கூற்று, உண்மையில் சோம்பலுக்கு உடுத்திய பட்டாடையே ஆகும்.

2008ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7ஆம் நாள், ஜார்ஜ் டவுன் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. மலேசியாவின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே நாளில்தான். ஒரே நாளில் பிறந்த இரண்டனுள் ஒன்றுக்கு ஆண்டுதோறும் விழா எடுக்கப்படுகிறது. மற்றொன்றோ, பொதுக் கட்டடங்களுள் செல்லும் உரிமையைக் கூறியும், மீறுவோர்க்குத் தண்டனை கூறாமலே இயற்றப்பட்டது. பல் பிடுங்கிய பாம்பைக் கண்டு எவர் அஞ்சுவர்?

சட்டம் செய்யாததை வீடுகள் செய்துள்ளன. வாசற்படி ஆறங்குலமாயின் ஆறடிப் பலகை வேண்டும். ஓரங்குல உயரத்திற்கு ஓரடி நீளம். பல நாட்டுக் கட்டட நெறிகள் கூறும் பன்னிரண்டுக்கு ஒன்று என்னும் சாய்வு இதுவே. இரு விளிம்பிலும் சட்டம் அடித்தால் சக்கரம் நழுவாது. வண்ணம் காயுமுன் மணல் தூவினால் மழையிலும் வழுக்காது. மேல்முனையைக் கொக்கியிட்டு மாட்டினால் பலகை பின்வாங்காது. வீட்டினுள்ளும் இத்தகைய நுட்பங்கள் பல. நாற்காலி இருக்கையின் உயரத்திற்குக் கட்டிலைத் தூக்கி நிறுத்தும் மரக்கட்டைகள். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் இடையே பாலமாகும் வழவழப்பான பலகை. கதவைக் கழற்றித் திரைச்சீலை தொங்கவிட்ட குளியலறை. கொடித்துணியை எடுக்க முனையில் கொக்கி கட்டிய பிரம்பு. மெக்சிகோச் சிற்றூர்களில் உருவான இத்தகைய கருவிகளையே டேவிட் வெர்னர் 1987இல் வெளியிட்ட நூலில் படங்களுடன் விளக்கினார். (இருக்கைத் திண்டை மட்டும் மனம்போனவாறு செய்தலாகாது. உணர்விழந்த உடலில் தவறான திண்டு புண்ணை உண்டாக்கும். அதனை மருத்துவரிடம் கேட்டே செய்தல் வேண்டும்.)

இவ்வாறு தம் வீட்டுப் படியை வென்று புறப்பட்டவர், நகரின் ஐந்தடி நடைவழியில் தோற்றுப் போகிறார். லெபோ பாசார் போன்ற பழந்தெருக்களில் அதன் தரைமட்டம் கடைக்குக் கடை மாறுபடும், இடையிடையே படிகள், போதாக்குறைக்கு மோட்டார் சைக்கிள்களும் சரக்குப் பெட்டிகளும். இங்கேதான் மரபுக் காவலர் குரல் ஓங்குகிறது. எடுத்து வைக்கக்கூடிய பலகை ஒன்றால் எந்த மரபு அழியும்? பழைய ஓடு உடைவதில்லை. தூணில் ஆணி இறங்குவதில்லை. கடை அடைக்கும்போது சுவரில் சாத்தி வைக்கலாம். மோட்டார் சைக்கிளை வீட்டினுள் ஏற்றச் சாய்வு அமைக்கும் கைகளுக்கு, அரிசி மூட்டை வண்டிக்குப் பலகை போடும் கைகளுக்கு, மனிதன் வரும்போது மட்டும் மரபு நினைவுக்கு வருவதேன்?

பலகை எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. தெரு முழுவதையும் சீராக்குதல் மாநகர் மன்றத்தின் கடன்; வீட்டாரின் கைத்திறனைப் புகழ்ந்து அக்கடனிலிருந்து மன்றம் தப்பித்துக்கொள்ள இடந்தரலாகாது.

பள்ளிகளும் இவ்வழக்கில் சாட்சிகள் அல்ல; பிரதிவாதிகளே. நூலகத்தை மாடியில் வைத்துவிட்டு, வாசிப்பின் பெருமையைக் கீழே எழுதி மாட்டும் பள்ளிகள் உண்டு. நூலகத்தைக் கீழ்த்தளத்திற்கு இறக்கச் செலவு அதிகமில்லை, மனமே வேண்டும். வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்னும் பாடத்தில் அழகுப் பொருள் செய்யும் மாணவர் கையில் அளவுகோலைக் கொடுத்துப் பள்ளிவாயிற் படியை அளக்கச் சொல்லலாம். நான்கங்குலமாயின் நான்கடிப் பலகை. தச்சர் அரைநாளில் முடித்துத் தருவார்.