சுணையை யார் வெட்டுவார்கள்? மரபணுத் திருத்தமும் கூலி உழைப்பும்

கட்டாக்கிலுள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் குதுபுதீன் மொல்லா தலைமையிலான குழு உருவாக்கிய மரபணுத் திருத்தக் கருவிக்கு 2025இல் இந்தியக் காப்புரிமை கிடைத்தது. டைனோகாக்கஸ் ரேடியோடியூரன்ஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து பெறப்பட்ட டிஎன்பி-பி நொதியே அதன் அடிப்படை. உலகெங்கும் புழங்கும் கேஸ்-9 நொதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் உண்டு. இதில் ஏறத்தாழ நானூறுதான். சிறியதாகையால் செல்லுக்குள் செலுத்துவது எளிது. அதைவிட முக்கியமாக, பிராட் நிறுவனம், கோர்டேவா போன்றவற்றின் காப்புரிமை வேலிக்கு வெளியே நிற்கிறது. 2025 மே மாதம் ஒன்றிய அரசு அறிவித்த கமலா, பூசா டிஎஸ்டி 1 ஆகிய நெல் ரகங்களுக்கு அந்த விடுதலை வாய்க்கவில்லை.

வரவேற்க வேண்டிய சாதனைதான். ஆனால், கருவி யாருடையது என்பதோடு கேள்வி முடிந்துவிடுவதில்லை. அது எதை வெட்டப்போகிறது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

கடலூர் மாவட்ட மக்களில் பத்தில் ஏறத்தாழ மூவர் பட்டியல் சாதியினர். அவர்களில் பெரும்பகுதியினர் வயலுக்குள் இறங்குவது உடைமையாளராக அல்ல, கூலியாக. கதிரில் மணி கூடினால் பலன் நிலத்துக்காரருக்கு. களைக்கொல்லியைத் தாங்கும் பயிர் வந்தாலோ, முதலில் போவது பெண்களின் களையெடுப்புக் கூலி. அத்தகைய பாஸ்மதி ரகங்கள் இரண்டு 2024இல் வெளிவந்துவிட்டன. அவை பழைய சடுதிமாற்ற முறையில் உருவானவை. நொதிகள் அதே வேலையை இன்னும் விரைவாகச் செய்யும். குனிந்து களை பறிப்பது காக்கப்பட வேண்டிய பெருமை அல்ல, ஒழியட்டும். ஆனால் மாற்று வருவாய் பற்றிப் பேசாமல் ஒழிப்பது வேறு.

பேச இடமும் இல்லை. பி.டி. கத்தரிக்காய்க்கு 2010இல் பொது விசாரணைகள் நடந்தன. அயல் மரபணு சேர்க்காத திருத்தப் பயிர்களுக்கோ, 2022 மார்ச் மாத ஆணையின் மூலம் சுற்றுச்சூழல் அமைச்சகம் அந்த ஒப்புதல் நடைமுறையிலிருந்தே விலக்கு அளித்துவிட்டது.

நெல்லிக்குப்பம் கரும்பு ஊர். தமிழகக் கரும்பு வயல்களை ஆளும் கோ 86032 ரகம், கோவையிலுள்ள அரசுக் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தின் படைப்பு. பொதுப் பணத்தில் உருவான அத்தகைய ரகங்களின் வெற்றி விளைச்சலாலும் சர்க்கரைச் சத்தாலும்தான் அளக்கப்படுகிறது. தோகையின் சுணை வெட்டுவோர் கைகளையும் கழுத்தையும் கீறுவது அந்த அளவுகோலில் முதலிடம் பெற்றதில்லை. கரும்பில் ஒவ்வொரு மரபணுவும் பல படிகளாக இருப்பதால் திருத்துவது கடினம் என்பார்கள்; உண்மைதான். சர்க்கரைச் சத்தைக் கூட்டவும் அதே கடினத்தைத்தானே கடக்க வேண்டும்? காப்புரிமை இப்போது பொது நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அதன் உரிமங்கள் வழங்கப்படும் முன், ஆய்வு முன்னுரிமைகளை வகுக்கும் குழுக்களில் விவசாயத் தொழிலாளர் சங்கங்களுக்கு இடம் கேட்க வேண்டும்.