யார் சொன்னது?

பதினோராம் தரத்தில் நான் பாடமாக்கி வைத்திருந்த ஆங்கிலக் கட்டுரைகள் 12. அதில் 'எனது கிராமம்' என்பதும் ஒன்று. அந்தக் கிராமத்தில் ஓர் அழகிய ஆறு ஓடும். வயல்கள் எப்போதும் பச்சையாகவே இருக்கும். மக்கள் எல்லோரும் விவசாயிகள், எல்லோரும் நல்லவர்கள். அது டியூஷன் டியூட்டில் இருந்த கிராமம். எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கும் அதுவேதான் சொந்த ஊர்! வஹகோட்டையில் பிறந்து வளர்ந்த நான், இங்குள்ள புனித அந்தோனியார் தேவாலயத்தைப் பற்றியோ அதைத் தேடி வரும் யாத்திரிகர்களைப் பற்றியோ ஒரு வரிகூட எழுதவில்லை. சொந்தமாக எழுதினால் பிழை வரும், பிழை வந்தால் புள்ளி குறையும். சாதாரண தர வினாத்தாளில் சுமார் 200 சொற்களில் ஒரு கட்டுரை கேட்பார்கள். பிழையில்லாமல் அதை நிரப்பினால் போதும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். எனக்கு 'ஏ' சித்தியும் கிடைத்தது.

அந்த 'ஏ' எவ்வளவு தூரம் போகும் என்பதை ராத்தா மூலம்தான் அறிந்தேன். முகாமைத்துவம் கற்கப் பல்கலைக்கழகம் போன அவரது முதல் ஒப்படை புள்ளியே இல்லாமல் திரும்பி வந்தது. இணையத்திலிருந்து நான்கு பந்திகளை எடுத்து அழகாகக் கோத்திருந்தார். ஆங்கிலத்தில் ஒரு பிழையும் இல்லை. விரிவுரையாளர் ஓரத்தில் இரண்டு கேள்விகள் எழுதியிருந்தார்: இதை யார் சொன்னது? நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

அன்றிரவு ராத்தா போனில் அழுதார். "பத்து வருஷமா இப்படித்தானே எழுதிப் புள்ளி எடுத்தேன். இப்ப களவு எண்டு சொல்றாங்க உம்மா" என்றார். உம்மாவுக்கு எதுவும் விளங்கவில்லை. எனக்கும்தான்.

பிறகு யோசித்தேன். மத்ரஸாவில் ஒரு ஹதீஸைச் சொல்லி அறிவிப்பாளரின் பெயரை விட்டுவிட்டால் உஸ்தாத் சும்மா இருப்பாரா? இமாம் புகாரி போன்றவர்கள் ஓர் அறிவிப்பை ஏற்க முன்னர், அது யார் யார் வழியாக வந்தது என்று ஆராய்ந்தார்கள். யாருடைய சொல் என்று கேட்பது நமக்குப் புதிய பழக்கமல்ல. கட்டுரைக் கொப்பியைத் திறந்ததும் மட்டும் அது மறந்துபோகிறது.

சாதாரண தரத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையில் உயர்தர வகுப்பு இருக்கிறது. 1999இல் பொது ஆங்கிலம் உயர்தரத்திற்குக் கொண்டுவரப்பட்டது. அதன் பெறுபேறு இசட் புள்ளியில் சேர்வதில்லை. அதனால் அந்தப் பாடவேளையில் நாங்கள் வேறு பாடத்தின் டியூட் செய்கிறோம். "அதுக்கு ஏன் நேரத்தை வீணாக்குற?" என்று பெற்றோரே, நீங்களும் கேட்கிறீர்கள். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிப்பிப்பார்கள்தானே என்றும் சொல்கிறீர்கள். படிப்பிக்கிறார்கள்தான். ஆனால் முதல் ஒப்படை அதற்காகக் காத்திருப்பதில்லை. பாடமாக்குவதை விட்டுச் சொந்தமாக எழுதிப் பழகவும், பிழை விடவும் நமக்குக் கிடைப்பது இந்தப் பாடவேளை மட்டுமே.

பாடமாக்குவது முழுக்கப் பிழை என்று நான் சொல்ல வரவில்லை. வீட்டில் ஆங்கிலம் பேசாத என்னைப் போன்றவர்களுக்கு வசனம் அமைக்கக் கற்றுத் தந்தது அந்த 12 கட்டுரைகள்தான். ஆனால் அவற்றில் என்னுடைய எண்ணம் என்று ஒன்றுகூட இல்லை.

இந்தத் தவணை நாங்கள் ஐந்து பேர் மிஸ்ஸிடம் போய்க் கேட்டு, வாரம் ஒரு பக்கம் சொந்தமாக எழுதத் தொடங்கினோம். முதல் வாரம் நான் வஹகோட்டையைப் பற்றி எழுதினேன். 'எங்கள் ஊர்க் கத்தோலிக்கர்கள் போர்த்துக்கேயரின் வழிவந்தவர்கள்' என்ற வசனத்தின் கீழ் மிஸ் கோடிட்டார். பக்கத்தில் அதே கேள்வி: யார் சொன்னது?

பக்கத்து வீட்டு ஆன்டியிடம் போய்க் கேட்டேன். தன் பாட்டி சொல்லக் கேட்டதாகச் சொன்னார். பாட்டிக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டு, தேநீர் ஊற்றித் தந்தார். வீட்டுக்கு வந்து வசனத்தை மாற்றினேன்: 'தங்கள் முன்னோர் போர்த்துக்கேயர் என்று எங்கள் அயலவர்கள் தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள்.' அதை நான் ஏன் நம்புகிறேன் என்று இன்னும் மூன்று வரிகள் சேர்த்தேன்.

அந்தப் பக்கத்தில் 11 இலக்கணப் பிழைகள். படம் எடுத்து ராத்தாவுக்கு அனுப்பியிருக்கிறேன்.