வயிற்றைத் தைக்கும் முன்

குடல்வால் வெடித்தோ குடலில் ஓட்டை விழுந்தோ வருகிறவர்களுக்கு மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமெல்லாம் கடைசி நம்பிக்கை மதுரை பெரியாஸ்பத்திரிதான். அங்கே உயிர் பிழைத்து வீடு திரும்பிய பிறகும் சிலருக்குத் தையலில் சீழ் பிடித்துவிடுகிறது. கூலிக்குப் போகிற குடும்பத்துக்கு அது பெரிய அடி.

இதைத் தடுக்க, தோலைத் துடைக்க ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடினையும் தைக்க டிரைக்ளோசான் பூசிய நூலையும் 2016-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. இந்தியா, கானா, நைஜீரியா உள்ளிட்ட 7 நாடுகளில் 5,788 நோயாளிகளிடம் இவற்றைச் சோதித்த 'ஃபால்கன்' ஆய்வு 2021-ல் வெளியானது. வழக்கமான பொவிடோன் அயோடினையும் சாதாரண நூலையும் விட இவை மேல் என்று அதில் தெரியவில்லை. ஏழை நாட்டு மருத்துவமனைக்கு இது காசை மிச்சப்படுத்தும் செய்தி.

மறு ஆண்டு வந்த 'சீட்டா' ஆய்வு இன்னும் முக்கியமானது. 81 மருத்துவமனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவில் மட்டும் வயிற்றை மூடும் முன் கையுறைகளையும் கருவிகளையும் மாற்றச் சொன்னார்கள். மொத்தம் 13,301 நோயாளிகள். வழக்கப்படி செய்த இடங்களில் 30 நாளுக்குள் புண்ணில் கிருமி தொற்றியவர்கள் 18.9 சதவீதம்; மாற்றிய இடங்களில் 16 சதவீதம். நூறு பேரில் ஏறத்தாழ மூன்று பேர் தப்பினார்கள், புது மருந்து எதுவும் இல்லாமலே.

மூத்தவர் சொல்லிக்கொடுத்த பழக்கம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுமா?

இப்படிச் சோதித்துப் பார்ப்பது மதுரைக்குப் புதிதல்ல. வயல்வேலையில் நெல் தாளோ உமியோ கீறி, கண்ணில் பூஞ்சைப் புண் வருவது இங்கே சகஜம். அரவிந்த் கண் மருத்துவமனை அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து நடத்திய சோதனையில், புதிய வோரிகோனசோலை விடப் பழைய நாட்டமைசின் சொட்டு மருந்தே நல்ல பலன் தந்தது. 2013-ல் வெளியான அந்த முடிவு உலகெங்கும் கண் மருத்துவர்களுக்கு வழிகாட்டியது.

வயிற்று அறுவை சிகிச்சையிலும் இப்படிச் சோதனை நடத்தலாம். அறுவை சிகிச்சையில் மேற்படிப்பு (எம்.எஸ்.) படிக்கும் மாணவர் ஒவ்வொருவரும் ஆய்வேடு எழுதியே ஆக வேண்டும். தனித்தனியே சிறு தலைப்புகளில் சிதறும் அந்த உழைப்பை மதுரை, தேனி, சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒரே கேள்வியில் குவிக்கட்டும். நோயாளிக்குப் புரியும் தமிழில் விளக்கிச் சம்மதம் கேட்கட்டும். வீடு போனவரை 30-ஆம் நாள் தொலைபேசியில் அழைத்துப் புண் ஆறிவிட்டதா என்று விசாரிக்கட்டும். முதல் கேள்வியும் தயாராகவே இருக்கிறது: நம் அறுவை அரங்குகளில் தைக்கும் முன் கையுறை மாற்றுகிறார்களா, இல்லையென்றால் எது தடுக்கிறது?