தள்ளுபடியாம் தள்ளுபடி!

டிஸ்கி: வங்கியில் வேலை பார்ப்பவன்தான். ஆனால் இது வங்கியின் குரல் இல்லை, சொந்தச் சரக்கு. திட்டுவதானால் என்னை மட்டும் திட்டவும் :-)

பாராளுமன்றத்தில் யாராவது ஒரு எம்.பி. கேள்வி கேட்பார். நிதியமைச்சகம் பதில் சொல்லும். மறுநாள் தமிழ்ப் பேப்பர்களிலும் டிவி விவாதங்களிலும் ஒரே செய்திதான்: வங்கிகள் இத்தனை லட்சம் கோடி கடனைத் தள்ளுபடி செய்துவிட்டன. அன்று ராத்திரியே ஊரிலிருந்து சித்தப்பா போன் போடுவார். "ஏப்பா, பெரிய பெரிய ஆளுங்களுக்கெல்லாம் சும்மா விட்டுட்டீங்களாமே, எங்க டிராக்டர் லோனுக்கு மட்டும் நோட்டீஸா?"

சித்தப்பா மேல் தப்பில்லை. அவர் படித்தது தமிழ்ப் பேப்பர். அங்கே போட்டிருந்த சொல் தள்ளுபடி.

இந்த ஒரு சொல்லை நாம் எத்தனை இடத்தில்தான் உபயோகிப்பது? ஆடி மாசம் ஜவுளிக்கடையில் தள்ளுபடி. கோர்ட்டில் மனு தள்ளுபடி. கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் தள்ளுபடி. கடைசியில் வங்கிகள் கணக்குப் புத்தகத்தில் செய்யும் 'ரைட் ஆஃப்' கூட தள்ளுபடி. முதல் மூன்றையும் ஜனங்கள் குழப்பிக்கொள்வதில்லை. பிரச்சினையே கடைசி இரண்டில்தான். மூன்றாவதுக்கு ஆங்கிலத்தில் 'வெய்வ்' என்று தனி வினைச்சொல் இருக்கிறது. நான்காவது 'ரைட் ஆஃப்'. இரண்டும் பங்காளி கூட கிடையாது.

வெய்வ் என்றால் எனக்குள்ள உரிமையை நானே விட்டுக்கொடுப்பது. நீ தர வேண்டாம், போ. அவ்வளவுதான். 2008 பட்ஜெட்டில் ப.சிதம்பரம் அறிவித்த விவசாயக் கடன் திட்டம் அப்படிப்பட்டது. சிறு, குறு விவசாயிகள் கட்ட வேண்டியதை மத்திய அரசு வங்கிகளுக்குக் கொடுத்தது. 2021 பிப்ரவரியில் தமிழக அரசு 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனை ரத்து செய்ததும் இதே வகை. விவசாயியின் கடன் தீர்ந்தது, சுமை அரசாங்கத்தின் தலையில் ஏறியது. இதைத் தள்ளுபடி என்று சொல்லுங்கள், நூற்றுக்கு நூறு சரி.

ரைட் ஆஃப் கதையே வேறு. 90 நாளுக்கு மேல் தவணை வராத கடன் வாராக்கடன் பட்டியலில் சேரும். அதற்காக வங்கி தன் லாபத்திலிருந்து வருஷா வருஷம் பணம் ஒதுக்கிக்கொண்டே வரும். சுமார் நாலு வருஷத்தில் முழுத் தொகைக்கும் ஒதுக்கி முடிந்திருக்கும். அப்புறம் அதை 'எங்கள் சொத்து' என்று ஐந்தொகையில் காட்டுவதில் அர்த்தம் இல்லை என்று தலைமை அலுவலகக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். கிளையில் அந்த ஆளின் கணக்கு அப்படியே இருக்கும். கேஸ் நடக்கும், ஜாமீன்தாரருக்கு நோட்டீஸ் போகும், அடமானச் சொத்து ஏலத்துக்கு வரும்.

நம்பாதவர்களுக்கு ஒரு தகவல். 2010-ல் விஜயா வங்கி வழக்கு உச்சநீதிமன்றம் போனது. வரிச்சலுகை வேண்டுமானால் ஒவ்வொரு கடனாளியின் கணக்கையும் தனித்தனியாக முடித்துக் காட்டு என்றது வருமான வரித்துறை. முடித்தால், கேஸ் நடக்கும்போது 'என் கணக்கில்தான் பாக்கியே இல்லையே' என்று கடனாளி கிளம்பிவிடுவான் என்றது வங்கி. வங்கி சொன்னதைக் கோர்ட் ஏற்றுக்கொண்டது. 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி விட்ட சுற்றறிக்கையும், இப்படி எழுதுவது கணக்குக்காக மட்டுமே, கடனாளி மேல் உள்ள உரிமையை விட்டுக்கொடுப்பது ஆகாது என்றுதான் விளக்கம் சொன்னது.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். பேச்சு வழக்கு ஆங்கிலத்தில் 'ரைட் ஆஃப்' என்பதற்குக் கடனை ரத்து செய்வது என்றும் பொருள் உண்டு. ஆளை 'இவன் தேற மாட்டான்' என்று கைகழுவுவதற்கும் அதே சொல்தான். ஆனால் செய்தி வங்கிக் கணக்கைப் பற்றியது. அங்கே கணக்குப்பதிவில் உள்ள பொருளைத்தானே எடுக்க வேண்டும்?

தமிழில் சொல் இல்லையே என்று தயவுசெய்து யாரும் ஆரம்பிக்காதீர்கள். தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ கணக்குப்பதிவியல் படித்தவர்கள் கை தூக்குங்கள். 'வாராக்கடன் போக்கெழுதுக' என்று சரிக்கட்டுதல்களில் வந்ததா இல்லையா? போக்கெழுதல்! எவ்வளவு துல்லியமான சொல். 'போனது' என்று எழுதி வைக்கிறோம், 'விட்டேன்' என்று சொல்லவில்லை. அதே பாடத்தில், போக்கெழுதிய கடன் பின்னால் வசூலானால் அதற்குத் தனியாக ஒரு குறிப்பேட்டுப் பதிவும் உண்டு. கடனே தீர்ந்துபோயிருந்தால் அந்தப் பதிவு எதற்கு? பதினேழு வயசுப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் சொல் பத்திரிகை ஆபீஸுக்குள் மட்டும் போகவில்லை.

நான் இருக்கும் போபாலில் ஹிந்திக்காரர்களிடம் இதற்கு இரண்டு சொல் இருக்கிறது. மன்னித்து விடுவது 'கர்ஜ் மாஃபி'. போக்கெழுதினால் 'பட்டா காதா'வில் போட்டார்கள் என்பார்கள். மேடைப் பேச்சில் இவர்களும் வேண்டுமென்றே குழப்புவதுண்டு, அது வேறு. கடைத்தெரு வியாபாரிக்கு வித்தியாசம் தெரியும்.

ஒரு சொல்லுக்கு இவ்வளவு அலப்பறையா என்று கேட்பீர்கள். இங்கே மண்டிதீப்பில் ஒரு கம்பெனியில் டெக்னீஷியன், திண்டுக்கல் பக்கத்துப் பையன். வீட்டுக் கடன் கேட்டு வந்தான். கடன் வரலாற்று அறிக்கையை எடுத்தால், ஏதோ ஒரு வங்கியின் பழைய கிரெடிட் கார்டு பாக்கி, 'ரிட்டன் ஆஃப்' என்று நிற்கிறது. "அதான் தள்ளுபடி பண்ணிட்டாங்களே சார், மெசேஜ்ல கூட வந்துச்சே" என்கிறான், நிஜமான சந்தோஷத்தோடு. ஐந்து வருஷமாகக் கடன் போய்விட்டது என்று நம்பி நிம்மதியாக இருந்திருக்கிறான். கடன் போகவில்லை, அவன் பெயர்தான் போயிருந்தது. தெரிந்திருந்தால் அன்றே கட்டி முடித்திருப்பான். தப்பான மொழிபெயர்ப்புக்கு வட்டி கட்டியவன் அவன்தான்.

சரி, இப்போது நம்ம ஆட்களுக்கு வருவோம். வங்கிக்காரர்கள் யாரும் ரொம்ப சிரிக்க வேண்டாம். "இது வெறும் டெக்னிகல் ரைட் ஆஃப் சார், உங்களுக்குப் புரியாது" என்று சொல்லி நழுவுகிறோமே, அது மட்டும் யோக்கியமா? 2014-15 முதல் 2022-23 வரை ஒன்பது நிதியாண்டுகளில் வங்கிகள் போக்கெழுதியது 14.56 லட்சம் கோடி ரூபாய். அதே காலத்தில் போக்கெழுதிய கடன்களிலிருந்து வசூலானது 2.04 லட்சம் கோடி. இரண்டும் அரசாங்கமே பாராளுமன்றத்தில் சொன்ன கணக்கு. போக்கெழுதியது நூறு ரூபாய் என்றால் வசூல் பதினாலு ரூபாய். 2018 மார்ச்சில் 11 சதவீதத்துக்கு மேல் இருந்த வாராக்கடன் விகிதம் 2023 மார்ச்சில் 4 சதவீதத்துக்குக் கீழே வந்தது என்று மார் தட்டினோம். அதில் ஒரு பங்கு வசூலால் வந்ததில்லை, பேனாவால் வந்தது.

தள்ளுபடி என்ற சொல்லால் யாருக்கு லாபம் என்று யோசித்துப் பாருங்கள். "ஏன் தள்ளுபடி செய்தீர்கள்?" என்று நீங்கள் கேட்டால், "செய்யவே இல்லையே" என்று உண்மையைச் சொல்லித் தப்பித்துவிடலாம். விவாதம் அங்கேயே முடிந்துவிடும். "போக்கெழுதினீர்களே, அதில் எவ்வளவு வசூல் செய்தீர்கள்? பெரிய கடனாளிகளிடம் எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் பெரியவர்களுக்கு வேர்க்கும்.

ஆகவே பத்திரிகை நண்பர்களே, பயிர்க்கடனுக்குத் தள்ளுபடியை வைத்துக்கொள்ளுங்கள், இதற்குப் போக்கெழுதல் என்று போடுங்கள். புரியாது என்று பயந்தால் பக்கத்திலேயே ஒரு வரி, 'கடன் பாக்கி அப்படியே உள்ளது' என்று சேருங்கள். கூடவே வசூல் தொகையையும் போடுங்கள். சித்தப்பா அதைப் படித்துவிட்டு போன் போடட்டும். அந்தக் கேள்விக்கு எங்களிடம் நல்ல பதில் இல்லை.